சிம்னி உள்ள வீட்டுக்கு ஃபெங் சுயி: ரிங்லெட் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா வரை, பழைய வீடுகளைப் பழுது பார்ப்பது என் தொழில். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். பதினொரு வருடம் ஒரு சீனத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) செங்கல் வேலை கற்றேன். அவர் ரசமட்டத்தை மறந்துவிட்டு வேலைக்கு வந்த நாள் உண்டு. சீனர்கள் வீட்டமைப்பு பார்க்கும் ஃபெங் சுயிக்குரிய லுவோபான் என்னும் திசைகாட்டியை மறந்து வந்த நாள் கிடையாது. பழைய துரை பங்களாக்கள் சில இன்று தங்கும் விடுதிகளாகிவிட்டன. அவற்றைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் நம்மவர்கள் சிம்னி ஒழுகுகிறது என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். வேலை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது மெதுவாகக் கேட்பார்கள்: "அண்ணே, இந்த நெருப்பு இந்த இடத்தில் இருக்கலாமா?" அப்படி வந்த கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் கீழே.

சிம்னி என்று எதைச் சொல்கிறீர்கள்?

புகைக்குழாயோடு, கீழே விறகு எரியும் மாடத்தையும் சேர்த்துத்தான். புத்தகத் தமிழில் கணப்பு என்பார்கள். கோப்பிக்கடையில் போய்க் கணப்பு என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. கோலாலம்பூர்க்காரர்களுக்கு வீட்டுக்குள் நெருப்பு மூட்டிக் குளிர்காய்வதே வேடிக்கையாக இருக்கும். ஆனால் தானா ராத்தா கடல்மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. ராத்திரியில் வெப்பம் 15, 16 பாகைக்கு இறங்கும். 1931இல் தாப்பாவிலிருந்து மலைச்சாலை முடிந்த பிறகு இங்கே வீடு கட்டிய வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் ஞாபகத்தில் சிம்னியோடு கட்டினார்கள். நம் ஆட்கள் அதில் விறகு அடுக்கினார்கள், சாம்பல் அள்ளினார்கள். அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்காரும் முறை இப்போதுதான் நமக்கு வந்திருக்கிறது.

ஃபெங் சுயியில் சிம்னிக்கு என்று பழைய விதி இருக்கிறதா?

கிடையாது. பழைய சீன வீட்டில் நெருப்பு என்றால் சமையல் அடுப்பு. அடுப்புக்கு ஒரு தெய்வமே உண்டு. சீனப் புத்தாண்டுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்னால், பன்னிரண்டாம் மாதத்தின் 23ஆம் நாளோ 24ஆம் நாளோ, அவர் மேலுலகம் போய் அந்த வீட்டாரின் ஒரு வருடக் கதையை ஒப்பிப்பாராம். அதனால் புறப்படும் முன் அவருக்கு ஒட்டும் இனிப்பு படைப்பார்கள். நல்லதாகச் சொல்வார், இல்லாவிட்டால் வாயாவது ஒட்டிக்கொள்ளும். நம் ஊரில் சிவப்புத்தாளில் சுற்றி வரும் அந்தப் பசைப்பலகாரம், கூய் பாக்குல், உங்கள் சீன அண்டைவீட்டாரும் தந்திருப்பார்கள்.

அடுப்புக்கு விதிகள் நிறைய உண்டு. வாசலுக்கு நேரே தெரியக்கூடாது, தண்ணீர்த் தொட்டியோடு ஒட்டக்கூடாது, கழிவறைச் சுவரில் முதுகு சாயக்கூடாது என்று போகும். வரவேற்பறைச் சிம்னிக்குச் சொல்லும் விதிகள் எல்லாம் இந்த அடுப்பு விதிகளை வைத்து, ஃபெங் சுயி மேற்கு நாடுகளுக்குப் போன பிறகு எழுதிக்கொண்டவை. அங்கே அதைப் பரப்பியவர்களில் ஒருவர் லின் யுன். 1970, 80களில் அமெரிக்காவில் அவர் வளர்த்த பிரிவு திசைகாட்டியே பார்க்காது. வாசல் எந்தச் சுவரில் இருக்கிறதோ அதை வைத்து வீட்டைப் பிரிக்கும். பழைய பிரிவுகள் லுவோபான் காட்டும் திசையை வைத்துப் பிரிக்கும். இரண்டையும் கலந்து படித்தால் ஒரே சிம்னி காலையில் செல்வ மூலையிலும் மாலையில் தந்தை மூலையிலும் நிற்கும். நான் திசைகாட்டிப் பக்கம். தவுக்கே அப்படி, நானும் அப்படி.

அவர்கள் சொல்லும் ஐந்தும் நம் பஞ்சபூதங்களும் ஒன்றுதானே?

இல்லை. நம் கணக்கு நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம். சீனக் கணக்கு மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். காற்றும் ஆகாயமும் அங்கே இல்லை. மரமும் உலோகமும் இங்கே இல்லை. நம் ஐந்தும் பொருள் எதனால் ஆனது என்று சொல்பவை. அவர்களுடைய ஐந்தும் ஒன்றை ஒன்று என்ன செய்கிறது என்று சொல்பவை.

மரம் எரிந்து நெருப்பு வளரும். நெருப்பு அடங்கினால் சாம்பல், அதாவது மண். மண்ணுக்குள் உலோகம் பிறக்கும். உலோகத்தின் மேல் நீர் துளிர்க்கும் (விடிகாலையில் தகரக் கூரையைப் பாருங்கள்). நீர் மரத்தை வளர்க்கும். இது பெற்று வளர்க்கும் சுற்று. அடக்கும் சுற்று வேறு: நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு உலோகத்தை உருக்கும், உலோகம் மரத்தை வெட்டும், மரத்தின் வேர் மண்ணைப் பிளக்கும், மண் நீரைத் தடுக்கும். இந்த இரண்டு சுற்றும் மனதில் நின்றால் கீழே வருவதில் முக்கால்வாசி உங்களுக்கே தோன்றும்.

நெருப்பு அதிகம் என்றால் எதிரே தண்ணீர் வைக்கச் சொல்கிறார்களே? மீன் தொட்டி வைக்கலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு விடுதியில் சிம்னிக்குப் பக்கத்திலேயே மூன்றடி மீன் தொட்டி வைத்திருந்தார்கள். யாரோ வந்து பார்த்து, நெருப்பு ஓங்கி நிற்கிறது, வீட்டில் சண்டை வரும், நீர் வை என்று சொல்லிவிட்டுப் போனாராம். ராத்திரி விறகு எரியும்போது தொட்டித் தண்ணீர் சூடாகும். விடிந்தால் குளிர்ந்து கிடக்கும். முதல் வாரமே மீன்கள் மிதந்தன. அப்புறம் மீன் செத்தது கெட்ட சகுனம் என்று கணவனுக்கும் மனைவிக்கும் சண்டை. சண்டை வராமல் இருக்க வைத்த தொட்டி அது.

மீனை விடுங்கள், ஃபெங் சுயி கணக்கிலேயே அது தப்பு. நீர் நெருப்பை அடக்கும் பொருள். அடக்குவது என்றால் மோதல். நெருப்பு சின்னதாக இருந்தால் செத்துப்போகும், பெரியதாக இருந்தால் நீர் ஆவியாகும். நடுவில் சமாதானம் கிடையாது. தவுக்கே சொன்ன வழி வேறு. ஒன்றின் வேகத்தைக் குறைக்க அதன் எதிரியைக் கூப்பிடாதே, பிள்ளையைக் கூப்பிடு. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய் கொஞ்சம் தளர்வாள், ஆனால் கோபப்பட மாட்டாள். நெருப்பின் பிள்ளை மண். ஆகவே சிம்னியைச் சமன்படுத்த முதலில் தேடவேண்டியது மண்.

தண்ணீர் வேண்டவே வேண்டாமா என்றால், அதே அறையில் தூரமாக ஒரு மூலையில் ஒரு செம்பு நீர் இருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. நேருக்கு நேர் வேண்டாம், ஒட்டியும் வேண்டாம்.

சரி, மண் என்றால் என்ன வைப்பது?

மண்ணாலான எதுவும். சுட்ட செங்கல், பானை, ஓடு, கருங்கல், சீனக் களிமண் சாடி. நிறத்தில் மஞ்சள், காவி, பழுப்பு. வடிவத்தில் சதுரம், அகன்று தாழ்ந்து கிடப்பது. சிம்னிக்கு முன்னால் தரையில் இரண்டடி அகலத்துக்குச் சதுரச் சுட்ட ஓடு பதியுங்கள். ஃபெங் சுயிக்கும் ஆயிற்று, தெறிக்கும் தீப்பொறி பலகைத்தரையில் விழாமல் இருக்கவும் ஆயிற்று. மேல்திட்டில் இரண்டு மண் சாடி. அவ்வளவு போதும். நான் பார்த்த விடுதிகளில் பலவற்றில் சிம்னிச் சுவருக்குச் சிவப்பு வண்ணம் அடித்து, மேலே முக்கோணமாக ஏதாவது மாட்டி, இரண்டு பக்கமும் பச்சைச் செடி வைத்திருப்பார்கள். சிவப்பும் முக்கோணமும் நெருப்பு, செடி அதற்கு விறகு. பிறகு வந்து வீடு அனலாக இருக்கிறது என்பார்கள்.

எந்தத் திசையில் சிம்னி இருந்தால் நல்லது?

இருப்பதை நகர்த்த முடியாது என்பதால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம்: இருக்கும் திசையில் என்ன செய்வது?

வீட்டின் நடுவில் நின்று பாருங்கள். கைப்பேசித் திசைகாட்டியைச் சிம்னி பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி முள்ளை இழுக்கும். இரண்டு மூன்று இடத்தில் பார்த்து ஒத்துப்போனால் நம்பலாம்.

தென்மேற்கும் வடகிழக்கும் மண் திசைகள். நெருப்பு மண்ணை வளர்க்கும் என்பதால் அங்கே சிம்னி இருந்தால் கவலையில்லை. கிழக்கும் தென்கிழக்கும் மரம். நெருப்புக்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கும், மண் பொருளைக் கொஞ்சம் கூட்டிவையுங்கள். தெற்கு நெருப்பின் சொந்த வீடு. அங்கே சிவப்பு கூடாது, விளக்கு அலங்காரம் கூடாது, மண்ணும் கல்லும் மட்டும். வடக்கு நீர். நெருப்பும் நீரும் ஏற்கெனவே முட்டிக்கொண்டு நிற்கும் இடம், ஆகவே நடுவில் ஒரு தூதுவன் வேண்டும். நீருக்குப் பிள்ளை, நெருப்புக்குத் தாய் எது? மரம். செடி வைக்கச் சொல்வதில் அர்த்தமுள்ள திசை இது ஒன்றுதான்.

மேற்கும் வடமேற்கும் உலோகம், அங்கேதான் பயம். அதிலும் வடமேற்கை வானத்தின் வாசல் என்பார்கள். வீட்டுத் தலைவனுக்கு, அப்பாவுக்கு, உரிய இடம். அங்கே நெருப்பு இருந்தால் வானவாசலை எரிப்பதாகச் சொல்லி, தலைவன் உடம்புக்கு ஆகாது என்று பழைய ஆட்கள் நடுங்குவார்கள். ஒருவர் இதைக் கேட்டுவிட்டுக் கருங்கல் சிம்னியை இடிக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். நல்ல கல்வேலை அது. அந்த மாதிரி வேலைக்கு இன்று ஆள் கிடையாது. கூலி எனக்குத்தான் என்றாலும் மாட்டேன் என்றேன். நெருப்புக்கும் உலோகத்துக்கும் நடுவில் மண்ணை வைத்தால் சுற்று மாறிவிடும்: நெருப்பு மண்ணை வளர்க்கும், மண் உலோகத்தை வளர்க்கும். பகையே உறவாகிவிடுகிறது. அந்தச் சிம்னியின் முகப்பே கருங்கல், கல் மண்ணின் கணக்கு. துரை அறியாமலே பரிகாரத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். பித்தளைக் கரண்டி, இரும்பு இடுக்கி என்று உலோகமாக மாட்டி வைத்திருந்ததை மட்டும் எடுக்கச் சொன்னேன்.

வீட்டின் நட்டநடுவில் சிம்னி இருந்தால்? நடு மண்தான், கணக்குப்படி சரி. ஆனாலும் வீட்டின் நெஞ்சில் நெருப்பு வேண்டாம் என்று பலரும் சொல்வார்கள். இந்தப் பக்கம் அப்படி ஒன்று நான் பார்க்கவில்லை, விட்டுவிடுவோம்.

வாஸ்துப்படி அக்கினி மூலை தென்கிழக்கு. இரண்டுக்கும் ஒத்துப்போகுமா?

தென்கிழக்கில் ஒத்துப்போகும். வாஸ்துவுக்கு அது அக்கினி மூலை. ஃபெங் சுயிக்கு அது மரம், நெருப்புக்குத் தாய்வீடு. அங்கே சிம்னி அமைந்தவர்கள் இரு பக்கமும் பாஸ்.

வடமேற்கில் முட்டும். வாஸ்துவில் அது வாயு மூலை. தென்கிழக்கு அமையாவிட்டால் அடுப்பை அங்கே வை என்பார்கள். ஃபெங் சுயியில் அதுதான் மேலே சொன்ன வானவாசல். வடகிழக்கிலும் முட்டும்: வாஸ்துவுக்கு ஈசானியம், பூசையும் நீரும் இருக்க வேண்டிய இடம், நெருப்பு ஆகவே ஆகாது. ஃபெங் சுயிக்கு மண் திசை, நெருப்பு இருந்தால் நல்லது.

என் யோசனை, ஒரு வீட்டுக்கு ஒரு வைத்தியர். வாஸ்து பார்த்துப் பூசையறை வைத்த வீட்டில் வாஸ்துவையே கடைசிவரை பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற வீட்டில் நெருப்புக்கு இடமே மிஞ்சாது, பச்சைத்தண்ணீர்தான் குடிக்கவேண்டும். மனைவி கோவில் சாமியிடம் கேட்டு வாஸ்து, மகன் யூடியூப் பார்த்து ஃபெங் சுயி என்று இருக்கும் வீட்டில் மட்டும் நான் வாயைத் திறப்பதில்லை. கொத்தனாருக்கு அது வேலை இல்லை.

தெற்குதான் நெருப்புத் திசை என்பது நம் நாட்டுக்கும் பொருந்துமா?

நல்ல கேள்வி. சீனாவில் பெரும்பகுதிக்குச் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்து நிற்கும், வெயிலும் வெப்பமும் தெற்கிலிருந்து வரும். நாமோ நிலநடுக்கோட்டுக்கு நாலரை பாகை வடக்கே இருக்கிறோம். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் போய்விடுகிறது. கண்ணுக்குத் தெரிவதை வைத்துப் பார்த்தால் இங்கே தெற்குக்குத் தனி உரிமை ஏதுமில்லை. தவுக்கேயிடம் கேட்டேன். "விதியை மாற்றினால் விதி இல்லை" என்றார். மலாய் மொழியில் இன்னும் காரமாகச் சொன்னார், அது இங்கே வேண்டாம்.

சிம்னிக்கு மேலே கண்ணாடி மாட்டலாமா? டிவி?

கண்ணாடியை நீர் என்று எடுத்துக்கொண்டு, நெருப்புக்கு மேல் மாட்டச் சொல்பவர்கள் உண்டு. எதிரில் மாட்டினால் நெருப்பு இரண்டாகத் தெரியும், இரட்டிப்பாகும் என்று பயப்படுபவர்களும் உண்டு. நான் எதிரில் வேண்டாம் என்பேன். மேலே மாட்டுவதாக இருந்தால் நடுவில் அகலமான கல்திட்டு இருக்கட்டும். இல்லையென்றால் அனல் நேராக ஏறிக் கண்ணாடியின் பின்பூச்சு கறுக்கும்.

டிவி வேண்டாம். அனலும் புகைக்கரியும் அதன் உள்ளே போகும். கழுத்தும் வலிக்கும்.

மேல்திட்டில் சாமி படம் வைத்திருக்கிறோம். தப்பா?

தப்பு என்று நான் எப்படிச் சொல்ல முடியும். பங்களாவில் அந்தத் திட்டைப் பார்த்தால் நம் கண்ணுக்குச் சாமி மாடம் மாதிரியேதான் தெரியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எரியும் சிம்னி அறைக்காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். திட்டின் மேல் ஏற்றிய விளக்கின் சுடர் நிலையாக நிற்காது, ஆடும், அணையும். விளக்கு அணைந்தால் வீட்டில் ஒருவருக்கு மனசு கெடும். மாலை ஒரு ராத்திரியில் காய்ந்து சருகாகும். காய்ந்த மாலையும் கற்பூரமும் நெருப்புக்கு மேலே இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. முருகனைக் கிழக்குச் சுவருக்கு மாற்றிவிட்டு அங்கே சாடியை வையுங்கள். ஃபெங் சுயியும் தெய்வத்தின் காலடியில் அடுப்பு வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

எங்கள் சிம்னி எரிவதே இல்லை. அதன் வழியாக நல்ல சக்தி வெளியே போய்விடுமா?

ஃபெங் சுயி என்ற சொல்லுக்கே காற்று, நீர் என்றுதான் பொருள். வீட்டில் உலவும் உயிரோட்டம் காற்றில் ஏறினால் சிதறும், நீரின் கரையில் தங்கும் என்பது மிகப் பழைய கருத்து. (அந்த ஓட்டத்துக்குச் சீனத்தில் இருக்கும் சொல்லைத் தமிழில் எழுதினால் "சீ" என்று வரும். பரம மங்கலமான ஒன்றை அப்படிக் கூப்பிட மனம் வரவில்லை, அதனால் ஓட்டம் என்றே எழுதுகிறேன்.) எரியாத சிம்னி என்பது கூரையில் திறந்து கிடக்கும் ஓட்டை. ராத்திரி அதன் அருகில் கையை நீட்டிப் பாருங்கள், சில்லென்று காற்று ஓடும். ஓட்டம் போகிறதோ இல்லையோ, அறையின் சூடு போகிறது.

கீழே திறப்பை மறைக்க ஒரு தட்டி போடுங்கள். மாடத்துக்குள் ஆற்றுக்கல் அடுக்கலாம், பெரிய மண்சாடி வைக்கலாம். காய்ந்த பூவை வைக்காதீர்கள். செத்த பொருள் என்று ஃபெங் சுயி ஒதுக்கும். ரிங்லெட்டில் இருந்துகொண்டு காய்ந்த பூ வைப்பானேன், செவ்வந்தி கட்டுக்கட்டாகக் கிடைக்கிறதே.

ஆனால் மேலும் கீழும் சிமெண்டு பூசி இறுக்கி அடைத்துவிடாதீர்கள். இங்கே வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அடைத்த குழாய்க்குள் ஈரம் தங்கும், பழைய புகைக்கரி ஊறும், சுவரில் காப்பி நிறத்தில் கறை இறங்கும், மழை நாளில் கருவாடு சுட்ட மாதிரி நாற்றம் வரும். "வீட்டில் ஏதோ இருக்கிறது" என்று மந்திரிக்க ஆள் கூப்பிட்ட ஒரு வீட்டில் இருந்தது இந்த நாற்றம்தான். மேலே மழை விழாதபடி தொப்பி, கீழே உள்ளங்கை அளவு காற்றுத்துளை. இரண்டும் வேண்டும்.

புகை வீட்டுக்குள்ளேயே திரும்புகிறது. கெட்ட சக்தியின் அறிகுறியா?

அறிகுறிதான், வேறு எதற்கோ. நான் முதலில் விறகைத் தூக்கிப் பார்ப்பேன். இந்த மலையில் திறந்தவெளியில் கிடக்கும் விறகு காயவே காயாது. ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால்தான் ஒழுங்காக எரியும். ஈர விறகின் புகை குழாயின் உட்சுவரில் தார் மாதிரிப் படிந்து, ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். நுனியில் வெடிப்பு விழுந்து, தட்டினால் கணீர் என்று கேட்கும் விறகு காய்ந்தது. மொத்தென்று கேட்டால் இன்னும் ஒரு வருடம் கூரைக்கடியில் கிடக்கட்டும்.

அப்புறம் சன்னல்களைப் பார்ப்பேன். பழைய மரச்சன்னல் இடுக்கில் காற்று வரும், சிம்னி அதை இழுத்துப் புகையை மேலே அனுப்பும். இப்போது எல்லாரும் இறுக்கமான அலுமினியச் சன்னல் போட்டுவிட்டார்கள். உள்ளே வர வழியில்லாமல் காற்று சிம்னி வழியாகவே இறங்கும், புகையையும் சேர்த்துக்கொண்டு வரும். சமையலறை விசிறியைப் போட்டால் இன்னும் மோசம். சன்னலை இரண்டு விரல் திறந்து வையுங்கள். தவுக்கே இதைத்தான் "மூக்கு அடைத்தவன் வாயால் மூச்சு விடுவான்" என்பார்.

குளிர்ந்து கிடக்கும் குழாயில் புகை ஏறாது என்பதும் உண்டு. விறகைப் பற்றவைக்கும் முன் ஒரு நாளிதழை முறுக்கிக் கொளுத்திக் குழாயின் வாயில் ஒரு நிமிடம் பிடியுங்கள். அது எல்லாம் செய்தும் புகை வந்தால் அளவை எடுப்பேன்: மாடத்தின் திறப்பில் பத்தில் ஒரு பங்காவது குழாயின் உட்பரப்பு இருக்கவேண்டும். அழகுக்காகத் திறப்பைப் பெரிதாக்கிய வீடுகளில் இது கெட்டுப்போயிருக்கும். குருவிக்கூடு இருந்தால் ஏணி வேண்டும்.

இவை சரியாகாமல் மண்சாடி வைத்துப் பயன் இல்லை. ஓட்டம் அடைபட்ட வீடு என்று ஃபெங் சுயிக்காரர் சொல்வதும் இதைத்தான்.

லயத்து வீட்டில் சிம்னி இல்லை. தணல் சட்டி வைத்தால் அதே பலன் உண்டா?

வேண்டாம். இதில் ஃபெங் சுயி பேசவே மாட்டேன்.

என் பாட்டி மண்சட்டியில் கரித்தணல் போட்டுக் குளிர்காய்ந்தவர்தான். அன்றைய லயத்தில் பலகைச்சுவர் இடுக்கில் காற்று புகுந்து வெளியேறியது. இன்று அதே சட்டியைச் சன்னல் மூடிய அறையில் வைத்துத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அப்புறம் தூக்கம், எழுந்திருப்பதில்லை. கரியில் புகையில்லை என்பதால் ஆபத்தில்லை என்று நினைப்பதுதான் ஆளைக் கொல்கிறது. வெளியில், அஞ்சடி என்னும் வாசல் நடையில் வைத்துக் குளிர்காயுங்கள். உள்ளே கம்பளி.

சிம்னிக்குப் பின்னால் படுக்கையறை. கட்டிலின் தலைமாடு அந்தச் சுவரில் இருக்கலாமா?

அடுப்புச் சுவருக்கு மறுபக்கம் தலை வைக்கக்கூடாது என்பது ஃபெங் சுயியில் பலரும் ஒத்துக்கொள்ளும் விதி. செங்கல் சுவர் சூட்டை உறிஞ்சி நடுராத்திரிவரை விடும். சுவரில் கீறல் இருந்தால் புகையும் கசியும். கட்டிலை மாற்றுங்கள். மாற்ற இடமில்லையென்றால் ஓர் அடி தள்ளிப் போட்டு நடுவில் மரப்பலகைத் தலைமாடு வையுங்கள்.

மின்சாரச் சிம்னி, பொய்ச்சுடர் எரிவது, அதற்கும் இதெல்லாம் உண்டா?

சுடர் படம்தானே. நிறத்தையும் சூட்டையும் வைத்துக் கொஞ்சம் நெருப்பு என்று கணக்கிடலாம். தனிப்பிளக்கு வையுங்கள், பல முனைச் சட்டத்தில் சொருகாதீர்கள்.

2024 முதல் நெருப்புக் காலம் தொடங்கிவிட்டதாமே? சிம்னியை மூடிவிட வேண்டுமா?

ஃபெங் சுயியில் 20 வருடத்துக்கு ஒரு காலகட்டம். 2024 பிப்ரவரியில் ஒன்பதாவது தொடங்கியது, 2043 வரை போகும். ஒன்பதுக்குரிய கூறு நெருப்பு, திசை தெற்கு. இதைக் கேட்டதும் நெருப்பு கூடிவிட்டது, அணை என்கிறார்கள் சிலர். அதே ஒன்பதைக் காட்டி, காலத்தோடு சேர்ந்துபோ, நெருப்பை ஏற்று என்கிறார்கள் வேறு சிலர். முந்தைய எட்டாவது காலம் மண்ணின் காலம். அப்போது மண் பரிகாரம் சொல்லி சாடி விற்ற கடை, இப்போது விளக்கு விற்கிறது. நான் சாடியை எடுக்கச் சொல்லவில்லை.

நீங்கள் உண்மையில் இதை நம்புகிறீர்களா, அண்ணே?

பாதி. நெருப்பைக் கண்டபடி வைக்கக்கூடாது, முதுகைக் காட்டி உட்காரக்கூடாது, காற்றுக்கு வழி விடவேண்டும், அதைச் சுற்றிக் கல்லும் மண்ணும் இருக்கவேண்டும் என்று ஒரு சாத்திரம் சொன்னால் நான் ஏன் சண்டை போடவேண்டும், கொத்தனாரும் அதையேதான் சொல்வான். தலைவனின் உடம்பு, பிள்ளையின் படிப்பு, கடன் என்று அது போகும்போது நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன். ஆனால் லுவோபான் இன்னும் என் பையில் இருக்கிறது. தவுக்கே சாகும் முன் கொடுத்தது.

தைப்பொங்கலன்று மழை. சிம்னிக்குள்ளேயே பொங்கல் வைக்கலாமா?

வைத்திருக்கிறோம். ஒரு வருடம் விடாத மழை, வாசலில் செங்கல் அடுப்பு நனைந்துவிட்டது. பாட்டி பங்களா சமையல்கட்டில் வேலை பார்த்தவர். அந்த வருடம் துரை ஊரில் இல்லை. மூன்று செங்கலை மாடத்துக்குள் வைத்துப் பானையை ஏற்றினார். மஞ்சள் கட்டிய மண்பானை, கீழே காய்ந்த தேயிலைக் கட்டை. பொங்கியதும் வழிந்தது தெற்குப் பக்கம். பாட்டி முகம் சுருங்கியது. கிழக்கே வழிந்திருக்கலாம் என்றார். சிம்னித்தரை அந்தப் பக்கம் ஒரு விரல் சாய்ந்திருந்தது எனக்குப் பிறகு, அதே வீட்டில் தளம் போட ரசமட்டம் வைத்தபோதுதான் தெரிந்தது. நீங்கள் வைப்பதாக இருந்தால் குழாயின் கதவைத் திறந்துவையுங்கள், செங்கலுக்குக் கிழக்குப் பக்கம் சாய்வாக அடிக்கட்டை கொடுங்கள். பால் வழிந்த கல்லைச் சுடுநீரில் அன்றைக்கே கழுவிவிடுங்கள். இல்லையென்றால் எறும்பு வரும்.